கலிஃபோர்னியா மஞ்சள் பூ கொழும்பு வெள்ளவத்தை மாடியில் வருமா?

அக்கா கலிஃபோர்னியாவிலிருந்து படம் அனுப்பினா. மலையடிவாரம் முழுக்க மஞ்சள். ஆனால் ஒரு செடி விரலளவுதான், ஒற்றைத் தண்டு, ஒரே பூ. பக்கத்திலேயே இன்னொன்று முழங்காலுயரம், நிறையக் கிளை. இரண்டும் ஒன்றா? டிசம்பரில் வரும்போது விதை கொண்டுவரச் சொல்லலாமா?

பதில் 1: படத்தைப் பார்த்தால் கோல்ட்ஃபீல்ட்ஸ் மாதிரித்தான் இருக்கிறது, லாஸ்தேனியா கலிஃபோர்னிகா, சூரியகாந்திக் குடும்பம். அளவை வைத்து முடிவெடுக்க வேண்டாம், இது ஆளுக்கொரு கோலம் காட்டும் செடி: வறண்ட மண்ணில் குட்டை, ஈரமிருந்தால் 40 செ.மீ. வரை, கடலோரத்தில் இலை தடிப்பு, விதையின் உச்சியில் செதில்கூட சிலதில் இருக்கும் சிலதில் இராது. ஒடுங்கிய இலைகள் எதிரெதிராகச் சோடியாக இருக்கிறதா என்று அக்காவிடம் கேளுங்கள்.

பதில் 2: வளர்ப்பதுதான் சிக்கல். அது அங்கே குளிர்கால மழைக்கு முளைத்து, வசந்தத்தில் பூத்து, கோடை காயத் தொடங்கியதும் விதை விட்டுச் சாகும் ஓராண்டுச் செடி. நமக்குக் குளிரும் இல்லை, அந்த நீண்ட வறட்சியும் இல்லை. கொழும்புப் புழுக்கத்தில் நாற்று அடித்தண்டு அழுகிச் சாயத்தான் வாய்ப்பு அதிகம். அப்புறம், அனுமதியில்லாமல் விதையைப் பையில் போட்டுக்கொண்டு வர முடியாது, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் தாவரத் தொற்றுக்காப்புப் பிரிவு இருக்கிறது.

கேட்டவர்: சரி, அப்போ மாடிக்கு வேறென்ன மஞ்சள்?

பதில் 2: மஞ்சள் கொஸ்மொஸ். அதே குடும்பம், மெக்சிகோப் பக்கத்துச் செடி, வெயில் படும் பூச்சாடியில் தூவிவிட்டாலே போதும். உரம் போட்டுக் கெடுக்காதீர்கள், இலைதான் கொழுக்கும்.