சார்ஜ் போட்டும் பர்சன்ட் இறங்குது, வெள்ளிக்கிழமை ஃப்ளைட், யாராச்சும் உதவுங்க

தண்டையார்பேட்டை தம்பி | திங்கள் இரவு 11:42
மக்களே அவசரம். வெள்ளி ராத்திரி கிளம்புறோம். எட்டு நாள் கார்லயே சுத்தறது, மேப் பார்த்துத்தான் ஓட்டணும். நேத்து ஒத்திகை மாதிரி வீட்லேர்ந்து பழவேற்காடு வரைக்கும் போய்ப் பார்த்தேன். வழி பூரா போன் சார்ஜ்லதான் கெடந்துச்சு. கிளம்பும்போது 84. மீஞ்சூர் தாண்டும்போது 76. ஏரியாண்ட இறங்கும்போது 66! பேட்டரி போச்சா? மாத்திடவா? அங்க நெட்டுக்கு எந்த சிம் எடுக்கறது? சீக்கிரம் சொல்லுங்க.

மின்ட் மணி | 11:50
எந்த நாடு? எந்த போன்? எந்த கார்?

வயர்மேன் 63 | 11:58
கேபிள். கண்ண மூடிக்கினு சொல்றேன், கேபிள்தான். இருபது ரூபா கேபிள்ல ஒயர் தலைமுடி கணக்கா இருக்கும், கரன்ட் எங்கேர்ந்து வரும்?

பெரம்பூர் பாலாஜி | செவ்வாய் காலை 6:15
ரெண்டு வருஷத்துக்கு மேலயா? அப்ப பேட்டரிதான். எனக்கும் இப்படித்தான் ஆச்சு, மாத்தினேன், சரியாப்போச்சு.

மின்ட் மணி | 6:40
அவரு போன் பேரே சொல்லல, அதுக்குள்ள நீங்க ஆபரேஷனே முடிச்சுட்டீங்க.

மின்னியல் மாமா | 7:05
தம்பி, கேள்வி கேட்குமுன் நாடு, போன், கார் மூன்றையும் எழுதுங்கள் என்று இங்கே எத்தனை முறை சொல்லியாயிற்று. பள்ளியில் வாட் என்றால் வோல்ட் பெருக்கல் ஆம்பியர் என்று சொல்லித்தந்திருப்பார்கள், அன்று நீங்கள் லீவு போலிருக்கிறது. காரில் எந்த ஓட்டையில் செருகினீர்கள்?

தண்டையார்பேட்டை தம்பி | 9:31
சாரி, ஆபீஸ் கிளம்பற அவசரம். மலேசியா. கோலாலம்பூர்ல இறங்கி கேமரன் மலை, ஈப்போ, பினாங்கு. வாடகைக் கார், எந்த வண்டி தருவான்னு தெரியல. போன் ஆண்ட்ராய்டு, 5000 எம்ஏஎச் பேட்டரி, ஒன்றரை வருஷம் ஆவுது. சொருகினது பாட்டு கேக்க பென்டிரைவ் சொருகற ஓட்டை. ஒரிஜினல் கேபிள். பின்னாடி பசங்க என் ஹாட்ஸ்பாட்ல கார்ட்டூன் பாத்துனு வந்தாங்க, அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லல்ல?

மூலக்கடை அக்கா | 9:44
அதுதான்டா தம்பி விஷயமே! போனை எங்க மாட்டியிருந்தே?

தண்டையார்பேட்டை தம்பி | 9:46
முன் கண்ணாடில, சக்ஷன் ஸ்டாண்டு. ஏன் அக்கா?

மூலக்கடை அக்கா | 10:20
மத்தியான வெயில், கண்ணாடி, கறுப்பு கவர் வேற போட்டிருப்பே. போன் சூடானா பேட்டரியைக் காப்பாத்த அதுவே சார்ஜ் ஏர்றதைக் கொறைச்சுக்கும், ரொம்பச் சூடானா நிறுத்தியே வெச்சிரும். அந்தப் பென்டிரைவ் ஓட்டை பாட்டுக்குன்னு வெச்சது. பல வண்டில அது தர்றது அரை ஆம்பியர்தான், அஞ்சு வோல்ட்ல ரெண்டரை வாட். முழு வெளிச்சத்துல மேப், கூடவே ஹாட்ஸ்பாட், போன் தின்றது அதுக்கு மேல. பாக்கியைப் பேட்டரிலேர்ந்துதான் எடுக்கும். பேட்டரிய மாத்திடாதே.
சிகரெட் லைட்டர் ஓட்டை இருக்கு பாரு, பன்னெண்டு வோல்ட்டு, அதுல சொருகற பி.டி. (பவர் டெலிவரி, வேகமா ஏத்தறது) சார்ஜர் வாங்கு. முப்பது வாட் இருந்தாப் போதும். பெரும்பாலான வாடகை வண்டில அந்த ஓட்டை இருக்கும். போனை ஏசி காத்து வர்ற எடத்துல கிளிப்பு போட்டு மாட்டு. பசங்களுக்குக் கார்ட்டூனை வீட்லயே டவுன்லோடு பண்ணிக் குடு.

வயர்மேன் 63 | 10:31
கேபிளும் பாக்கணும்.

மின்ட் மணி | 11:02
இப்ப நெட்டு. *#06# அடி. வர்ற லிஸ்ட்ல ஐஎம்இஐங்கற போன் நம்பர் கூட இ.ஐ.டி.ன்னு ஒரு நீள நம்பர் வந்தா உன் போன்ல இசிம் ஏறும், அதாவது அட்டை சொருகாம நெட்லயே ஏத்தற சிம். ஏறும்னா இங்கயே வீட்டு வைஃபைல போட்டு வெச்சுட்டுப் போ, அங்க இறங்கி இசிம் போடறதுக்கே நெட் தேடாதே. ஏறலைனா ஏர்போர்ட் கவுன்டர்ல பாஸ்போர்ட் காட்டி சிம் வாங்கலாம். நம்ம ஊர் சிம்மைக் கழட்டி பீரோல வெச்சுடாதே, பேங்க் ஓடிபி அதுக்குத்தான் வரும். ரோமிங் ஆன், டேட்டா ரோமிங் மட்டும் ஆஃப். மலைல சிக்னல் விட்டு விட்டு வரும், மேப்பை ஆஃப்லைன்ல எறக்கி வெச்சுக்க.

மின்னியல் மாமா | 11:30
ஆஃப்லைன் மேப் இருந்து என்ன பயன்? நெட் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது. படம் தெரியும், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது தெரியாது. அடிப்படை.

காசிமேடு கடலான் | 11:41
இன்னா மாமா இப்டி சொல்லிட்ட. எங்கண்ணன் போட்டு கரையை வுட்டு ராத்திரி முழுக்கப் போவும். அங்க எந்த டவர் கீது? ஜிபிஎஸ் பொட்டில புள்ளி நவுந்துக்கினேதான் இருக்கும். வலை போட்ட எடத்தைக் குறிச்சு வெச்சுக்கினு மறுநா அதே எடத்துக்குப் போறாங்க. நெட்டுல இல்ல, மேல சுத்துற சாட்டிலைட்டுல ஓடுது.

மின்னியல் மாமா | 11:55
அது தனிக் கருவி. போனில் இருப்பது நெட் உதவியோடு இயங்கும் ஏ-ஜிபிஎஸ். இரண்டையும் குழப்பாதீர்கள்.

காசிமேடு கடலான் | 12:03
போன வாரம் நானே போட்ல இருந்தேன், போனை ஏரோப்ளேன் மோடுல வெச்சு மேப்பைத் தொறந்தேன். மொதல்ல ரெண்டு மூணு நிமிசம் முழிச்சுது, அப்பாலே நீலப் புள்ளி வந்துடுச்சு, சுத்தி வெறும் தண்ணி. படிச்சவங்கோ, நீங்க மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கோ.

மூலக்கடை அக்கா | 12:20
கடலான் சொல்றதுதான் சரி. நெட் இருந்தா சாட்டிலைட்டைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும், இல்லைனா கொஞ்சம் நேரமாவும், அவ்ளோதான். ஆஃப்லைன்ல டிராஃபிக் தெரியாது, வழி காட்டும்.

மின்னியல் மாமா | 12:26
நான் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான்.

பினாங்கு வாசகி | மதியம் 2:10
இங்கே பிளக் மூன்று சப்பைக் கால், நம் ஊர் உருண்டைக் கால் போகாது. அடாப்டர் கொண்டு வாருங்கள். மின்சாரம் 230-240 வோல்ட், சார்ஜரில் 100-240 என்று அச்சடித்திருந்தால் போதும், கன்வெர்ட்டர் வேண்டாம். இன்னொன்று, போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் சம்மன் வரும்.

பெரம்பூர் பாலாஜி | 2:25
அடாப்டர் எதுக்கு? மேல் ஓட்டைல பேனா விட்டு அமுக்கினா கீழ ரெண்டும் தொறந்துக்கும், நம்ம ரெண்டு கால் சார்ஜர் உள்ள போயிடும். சிங்கப்பூர்ல நான் பண்ணியிருக்கேன்.

வயர்மேன் 63 | 2:31
பண்ணாதீங்க சார். மேல இருக்கறது எர்த்து ஓட்டை. நீளமான எர்த்துக் கால் மொதல்ல போய் மூடியைத் தொறக்கணும்னு, புள்ளைங்க கம்பி விடக் கூடாதுன்னு வெச்ச பாதுகாப்பு அது. உருண்டைக் கால் அதுல லூசா நிக்கும், பொறி பறக்கும். அடாப்டர் பர்மா பஜார்ல வாங்கு தம்பி, பீச் ஸ்டேஷன் எதுத்தாப்புல.

பெரம்பூர் பாலாஜி | 2:40
ரிச்சி ஸ்ட்ரீட்ல இன்னும் சீப்பு.

வயர்மேன் 63 | 2:42
தண்டையார்பேட்டைலேர்ந்து ரிச்சி ஸ்ட்ரீட் போற பெட்ரோல் காசை நீ குடுப்பியா?

மின்ட் மணி | 3:15
பவர்பேங்க் எடுத்தா கைப்பைல வை, செக்-இன் பொட்டில போட்டா பையைத் தொறக்கச் சொல்லுவான். 100 வாட் ஹவர் வரைக்கும் பொதுவா தகராறு இல்ல. 20,000 எம்ஏஎச்னா 20 ஆம்பியர் ஹவர், இன்டூ 3.7 வோல்ட், 74 வாட் ஹவர்தான் வருது. சில விமானத்துல பறக்கும்போது அதைப் பயன்படுத்தவே விடமாட்டாங்க. அப்புறம் 20,000 இருக்கே, 5000 போனை நாலு தடவை ஏத்தலாம்னு கணக்குப் போடாதே. வோல்ட்டேஜ் மாத்தறதுல கொஞ்சம் வீணாகும், மூணு தடவை வந்தாலே பெருசு.

தண்டையார்பேட்டை தம்பி | வியாழன் இரவு 10:58
லைட்டர் சார்ஜர் வாங்கினேன். கவரைக் கழட்டி ஏசியாண்ட மாட்டி எண்ணூர் போய்ட்டு வந்தேன். 62ல கிளம்பி 85. அதே கேபிள். எல்லாருக்கும் நன்றி, பேக்கிங் பாக்கி.

வயர்மேன் 63 | 11:04
கேபிள் இன்னும் ஒரு மாசம் தாங்கும், பாத்துக்க.

கொருக்குப்பேட்டை குமார் | ஞாயிறு காலை 8:12
தம்பி, கடைசில இசிம்மா, ஏர்போர்ட் சிம்மா? கேமரன்ல சிக்னல் வந்துச்சா? நானும் டிசம்பர்ல போறேன்.

கொருக்குப்பேட்டை குமார் | புதன் மாலை 6:40
தம்பி?

காசிமேடு கடலான் | 6:55
மாமா, மொட்டை மாடிக்குப் போனியா?