21 நாளில் 10 கிலோ: ஜூஸ் டயட்டில் சேரலாமா?

பாலக்கோட்டுக்காரி:
அக்காவுக்கு வயசு 35, உயரம் 158 செ.மீ., எடை 78 கிலோ. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறாங்க. 21 நாள் ஜூஸும் சூப்பும் மட்டும் குடிச்சா 10 கிலோ குறையும்னு ஒரு பேக்கேஜ் சொல்றாங்க. களி, சோறு கூடவே கூடாதாம். சேரலாமா? இல்லன்னா வீட்டுச் சாப்பாட்டுலயே எப்படிக் குறைக்கிறது?

ஊத்தங்கரை வாசி:
சேர வேண்டாம்ங்க, கணக்கே இடிக்குது. 1 கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி குறையணும். 10 கிலோவுக்கு 77,000. தினம் 3,600க்கு மேல வருது. அக்கா உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிக்கிறதே 1,800, 1,900 தான் இருக்கும். பல்லுல பச்சைத் தண்ணி படாம கிடந்தாலும் அவ்வளவு கொழுப்பு கரையாது.

முதல் வாரம் மெஷின்ல குறையறதுல பெரும்பங்கு தண்ணி. உடம்புல சேமிச்ச கிளைக்கோஜன், அதாவது சாப்பாட்டு மாவுச்சத்தோட சேமிப்பு, ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். பழையபடி சோறு சாப்பிட்டதும் அந்த எடை திரும்பிடும். புரதம் இல்லாம கரைஞ்ச தசை அவ்வளவு சுலபமாத் திரும்பாது. ரெண்டு மூணு மாசம் கழிச்சு முடி கொத்துக் கொத்தாக் கொட்டலாம். வேகமா இளைச்சா பித்தப்பையில கல்லும் வரலாம்.

காரிமங்கலம் மருந்தகம்:
எல்லாத்துக்கும் முன்னாடி மாத்திரையைக் கவனிங்க. கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். பட்டினியில சர்க்கரை தடால்னு இறங்கிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தா 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடுத்து, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணணும். மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, உடனே 108. சாப்பாட்டை மிதமாக் குறைக்கிறதா இருந்தாலும் டோஸை டாக்டர்கிட்ட முதல்ல கேட்டுக்கங்க. நீங்களா நிறுத்திடாதீங்க.

பென்னாகரம் டயட்டீஷியன்:
களியை விட வேண்டாம். வேளைக்கு 60 கிராம் கேழ்வரகு மாவு, நொய் போடாம. ஒரு சாத்துக்குடி அளவு உருண்டை, சுமார் 200 கலோரி. களியை மெல்லாம முழுங்கறதால ரெண்டாவது உருண்டை போறதே தெரியாது. அதனால முதல்ல ஒரு கிண்ணம் கீரை, காய் சாப்பிட்டுட்டு அப்புறம் களியைத் தொடுங்க. தொட்டுக்கக் கொள்ளுக் கடைசல்: 40 கிராம் கொள்ளுல 8 கிராம் புரதம். காலையில 2 முட்டை சேர்த்தா இன்னொரு 12. ஒரு நாளைக்கு மொத்தம் 60 கிராம் புரதமாவது வரணும், அப்பதான் தசை நிக்கும்.

வீட்டுல யாரும் கணக்குல எடுக்காதது எண்ணெய். ஒரு டேபிள்ஸ்பூனே 120 கலோரி. ஆளுக்கு மாசம் அரை லிட்டர் போதும், நாலு பேருக்கு 2 லிட்டர். பாட்டில் திறந்த தேதியை அது மேலயே எழுதி வைங்க. நாலு டீ, ஒவ்வொண்ணுலயும் 2 ஸ்பூன் சர்க்கரைன்னா 160 கலோரி. இந்த ரெண்டையும் சரிபண்ணி, சோத்தை ஒரு கரண்டி குறைச்சாலே தினம் 400, 500 மிச்சம். வாரம் அரைக் கிலோ இறங்கும்.

பாலக்கோட்டுக்காரி:
ரொம்ப நன்றிங்க. மாம்பழ சீசன்ல என்ன பண்றது?

பென்னாகரம் டயட்டீஷியன்:
ஜூஸ் வேண்டாம். செந்தூராவோ பெங்களூராவோ, பாதிப் பழம், அதுவும் அந்த வேளை களியைக் குறைச்சுக்கிட்டு. சாப்பிட்டதும் 10, 15 நிமிஷம் நடக்கட்டும். எடையை வாரம் ஒரு தடவை, காலையில வெறும் வயித்துல பாருங்க. மாதவிலக்குக்கு முன்னாடி ஒரு கிலோ ஏறினா அது தண்ணிதான், பயப்பட வேண்டாம். டேப் வச்சு இடுப்பையும் அளந்துக்கங்க. பெண்களுக்கு 80 செ.மீ.க்குள்ள வரணும்.