பித்தளைத் தகட்டில் புடைப்பெழுத்து: பெயின்ட் நிற்க வழி சொல்லுங்கள்

நண்பர்களே, 1923இல் இங்கிலாந்தின் ஸ்விண்டன் ரயில் பட்டறையில் உருவான 4073 'கேர்ஃபில்லி காசில்' நீராவி எஞ்சினை 1:76 அளவில் மாடலாகச் செய்துகொண்டிருக்கிறேன். பெயர்ப்பலகையிலும் எண்பலகையிலும்தான் சிக்கல்.

அசலில் கறுப்புப் பின்னணி, அதன்மேல் பளபளக்கும் பித்தளை எழுத்து. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே கம்பெனி எஞ்சின்களின் அழகே அதில்தான் இருக்கிறது என்பேன். என்னிடம் இருப்பவை அமிலத்தில் அரித்தெடுத்த பித்தளைத் தகடுகள். தின்னரால் துடைத்து, கறுப்பு எனாமல் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் கண்ணாடிமேல் 1500 நம்பர் வாட்டர் பேப்பரை (மிக நைசான உப்புத்தாள்) ஒட்டி, தகட்டைக் கவிழ்த்து மெதுவாகத் தேய்க்கிறேன். பெரிய எழுத்துகள் அருமையாக வருகின்றன. ஆனால் 'பி', 'ஏ' போன்ற ஆங்கில எழுத்துகளின் உள்வட்டத்தில் மட்டும் பெயின்ட் பெயர்ந்துவிடுகிறது. பள்ளம் அவ்வளவு ஆழமில்லை, அதனால்தானோ என்னவோ.

அடியில் எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் அடிப்பூச்சு) அடித்தால் பிடிக்குமா? அல்லது பெயின்டை நீர்க்கக் கரைத்து, மெல்லிய பிரஷ்ஷால் பள்ளத்தில் மட்டும் ஓடவிடுவது மேலா? அப்புறம், தேய்த்த பித்தளை மங்காமல் இருக்க என்ன வார்னிஷ் பூசுகிறீர்கள்? மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் பூசினால் அந்தப் பளபளப்பே போய்விடுமே. செய்து பார்த்தவர்கள், படம் இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள்.