அரசு விதை நிதி வாங்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்: சென்னைக்கு வெளியே மட்டும்

கோவை, பம்ப் கன்ட்ரோலர் தயாரிப்பவர்:

நானே ஆரம்பித்து வைக்கிறேன். விவசாய மோட்டாரை மொபைலில் போட்டு அணைக்கும் கன்ட்ரோலர் எங்களுடையது. புதிய நிறுவனங்களுக்கு ஆரம்பக்கட்டப் பணம் தரும் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தில் மானியம் கிடைத்தது. 2021-இல் 945 கோடி ரூபாயில் மத்திய அரசு தொடங்கிய திட்டம். மாதிரி செய்யவும் சோதனைக்கும் 20 லட்சம் வரை மானியம். விற்பனைக்குப் போகும் கட்டத்தில் 50 லட்சம் வரை கடனாகவோ, பின்னால் பங்காக மாறும் பத்திரமாகவோ தருவார்கள். பணம் டெல்லியிலிருந்து நேராக நம் கணக்குக்கு வராது. புதிய நிறுவனங்களுக்குக் கைகொடுத்து வளர்க்கும் மையமான இன்குபேட்டர்தான் ஆளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும்.

முதல் தவணை சிக்கலில்லாமல் வந்தது. அடுத்த தவணைக்குத் தோட்டத்தில் வைத்துச் சோதித்த அறிக்கை வேண்டும் என்றார்கள். நியாயம்தான். ஆனால் அவர்கள் குறித்த கெடு ஐப்பசி மாதத்தில் விழுந்தது. அடைமழையில் எந்த விவசாயி மோட்டார் போடுவார்? கிணறு நிரம்பிக் கிடக்கிறது. "தை பிறக்கட்டும் சார், அப்புறம் ஓட்டிக் காட்டுகிறேன்" என்றேன். ஃபைலில் தை மாதத்துக்கு இடமில்லை. அந்த இடைவெளியில் சம்பளம் இழுத்ததால் கருவிக்குள் ஓடும் மென்பொருள் எழுதும் நல்ல எம்பெடட் பையன் ஒருவன் பெங்களூருக்குப் போய்விட்டான். இன்குபேட்டர் பெயர் வேண்டாம், அங்கிருந்தவர்கள் நல்லவர்கள்தான்.

இன்னொன்று. இந்த நிதியில் கட்டட வசதி எதுவும் செய்துகொள்ள முடியாது. போர்டு அசெம்பிளிக்குத் தூசி வராத அறை ஒன்று தடுக்க நினைத்தோம், சொந்தக் காசில்தான் தடுத்தோம்.

ஈரோடு, மஞ்சள் ஈரப்பத மீட்டர் செய்பவர்:

அண்ணா, நாங்கள் வாங்கியது மாநில அரசின் விதை நிதியான டான்சீட். 10 லட்சம். பதிலுக்கு அதை நடத்தும் மாநில அரசு நிறுவனமான ஸ்டார்ட்அப்டிஎன் 3 சதவீதப் பங்கு எடுத்துக்கொண்டது. வீட்டில் அப்பா, "கவர்மெண்ட் பார்ட்னரா? நாளைக்கே கணக்கு கேட்டு ஜீப் வந்து நிற்கும்" என்று பயந்தார். ஜீப் ஒன்றும் வரவில்லை. அரசே பங்குதாரர் என்றதும் அதுவரை முகம் கொடுத்துப் பேசாத வங்கியில் நாற்காலி போட்டார்கள். பத்து லட்சத்தை விட எனக்கு அது பெரிது.

ஸ்டார்ட்அப்டிஎன் வட்டார மையம் ஈரோட்டிலேயே இருப்பதால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. கைக்குழந்தைக்காரிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது திட்டம் போடுபவர்களுக்குத் தெரியுமோ என்னவோ.

திருநெல்வேலி, லேத் பட்டறை:

எனக்கு வந்தது இன்னோவேஷன் வவுச்சர், புதுப் பொருள் உருவாக்க மாநில அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் தரும் நிதி. ஏ வவுச்சர் 2 லட்சம் வரை, பி வவுச்சர் 5 லட்சம் வரை. கல்லூரியோ ஆய்வகமோ கூட்டாளியாக இருக்க வேண்டும். எங்கள் கூட்டாளிக் கல்லூரியில் டெஸ்டிங் மெஷின் பழுது. பேராசிரியருக்கோ பரீட்சைப் பேப்பர் திருத்தும் காலம். பிறகு வந்து பார்த்தார், பார்த்த ஒரே மதியத்தில் என் டிசைனில் இருந்த இரண்டு குறைகளைப் பிடித்துவிட்டார். அந்த மனுஷரைப் பட்டறைக்குக் கொண்டுவந்ததற்கே இந்தத் திட்டத்துக்குக் கும்பிடு போடலாம். சும்மா பணம் கொடுத்திருந்தால் நான் பழைய டிசைனிலேயே இன்னும் பத்து மெஷின் செய்திருப்பேன்.

திருச்சி, முன்பு இன்குபேட்டரில் வேலை பார்த்தவர்:

மேஜைக்கு இந்தப் பக்கக் கதையையும் கேளுங்கள். நாங்கள் தவணையைப் பிடித்து வைப்பது ஆசைக்கு அல்ல. செலவுக்குப் பயன்பாட்டுச் சான்று கொடுக்க வேண்டும், படிவம் 12-ஏ, ஆடிட்டர் கையெழுத்தோடு. பணம் வங்கியில் கிடந்து வளர்ந்த வட்டிக்கும் கணக்கு உண்டு. நீங்கள் மூவரும் ஒழுங்காகக் கொடுத்து நாலாமவர் கொடுக்காவிட்டால், எங்களுக்கு வர வேண்டிய அடுத்த பணம் நிற்கும். அப்புறம் உங்களுக்கும் நிற்கும்.

கோவை நண்பர் சொன்ன மழைக்காலப் பிரச்சினைக்கு ஒரே வழிதான் பார்த்திருக்கிறேன். எந்த வேலையை எப்போது முடிப்பீர்கள் என்ற மைல்ஸ்டோனை விண்ணப்பத்திலேயே பயிர்ப் பருவத்தை வைத்து எழுதிவிடுங்கள். "ஜனவரி முதல் மே வரை கள சோதனை" என்று ஒப்பந்தத்தில் இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பிறகு மாற்றுவது என்றால் கமிட்டி கூட வேண்டும், கமிட்டி எப்போது கூடும் என்று கமிட்டிக்கே தெரியாது.

கோவை, பம்ப் கன்ட்ரோலர் தயாரிப்பவர்:

நன்றி சார், இதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம். இன்னொரு சந்தேகம். கன்ட்ரோலர் இப்போது நன்றாக ஓடுகிறது. ஊராட்சிகளில் மேல்நிலைத் தொட்டி மோட்டார் போட ஆபரேட்டர் விடியற்காலையில் சைக்கிள் மிதிக்கிறார், எங்கள் பொருள் அங்கே அப்படியே பொருந்தும். ஆனால் டெண்டரில் முன் அனுபவம், விற்றுமுதல் என்று கேட்கிறார்கள். ஸ்டார்ட்அப்புகளுக்கு அதைத் தளர்த்தலாம் என்று மத்திய விதியில் இருக்கிறது, கீழே வரும்போது பழைய படிவம்தான் நீட்டுகிறார்கள். மாதிரி செய்ய அரசு பணம் கொடுத்துவிட்டது. அதே அரசின் ஒரு ஊராட்சி பத்துப் பெட்டி வாங்கினால் எனக்கு அடுத்த மானியமே தேவைப்படாது. உள்ளாட்சிக்கு விற்றவர்கள் யாராவது இருந்தால், எந்த அதிகாரியிடம் முதலில் போக வேண்டும் என்று சொல்லுங்கள்: பிடிஓவா (வட்டார வளர்ச்சி அலுவலர்), கலெக்டர் ஆபீஸா?