தூண் பக்லிங் லோடு: கைக்கணக்கில் 353, சாஃப்ட்வேரில் 88. எங்கே தப்பு? (அவசரம்)

வளையாத_தூண்
4 மீட்டர் ஸ்டீல் தூண். எவ்வளவு லோடில் பக்லிங் ஆகும் (பக்கவாட்டில் சட்டென வளைந்துவிடும்) என்று பார்க்கிறேன். அதற்கான ஆய்லர் சூத்திரத்தில் 353 கிலோநியூட்டன் வருகிறது, சாஃப்ட்வேர் 88 காட்டுகிறது. நாளைக் காலையில் கொடுத்தாக வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

பனித்துளி
என்ன செக்ஷன்? முனைகளை எப்படிப் பிடித்திருக்கிறீர்கள்?

ஐசெக்ஷன்_அன்பன்
பார்த்ததுமே தெரிகிறதே. வலுவான அச்சின் இனெர்ஷியாவை (குறுக்குவெட்டு வளைவை எதிர்க்கும் அளவை) போட்டிருப்பீர்கள். தூண் பலவீனமான பக்கம்தான் சாயும்.

வளையாத_தூண்
சதுரக் குழாய் சார், 100×100, கனம் 5 மி.மீ. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே இனெர்ஷியாதான்.

மழைக்காலம்
சொந்த எடையைச் சேர்த்தீர்களா? அதுதான் குறைக்கிறது.

பனித்துளி
@மழைக்காலம் முழுத் தூணும் 60 கிலோ தேறும். அது எப்படி 265 கிலோநியூட்டனைத் தின்னும்?

பழுத்த_பொறியாளர்
பட்டனை அழுத்தத் தெரிந்தால் போதும், எல்லோரும் டிசைனர்தான் இப்போது. தம்பி, 353-ஐ 88-ஆல் வகுத்துப் பார்த்தீரா? நாலு. யூனிட் தப்பு என்றால் பத்து, ஆயிரம் என்று எகிறும். சூத்திரத்தில் எஃபெக்டிவ் லெங்த்தின் (முனைப் பிடிப்பைப் பொறுத்துக் கணக்கில் எடுக்கும் நீளத்தின்) வர்க்கத்தால் வகுக்கிறோம்; அது இரண்டு மடங்கானால்தான் இப்படி அச்சாகக் கால்வாசி வரும். மேல்முனையை அந்தரத்தில் விட்டிருக்கிறீர். பாடப்புத்தகத்திலேயே அந்தப் படம் இருக்கிறது.

வளையாத_தூண்
ஆமாம், கீழே ஃபிக்ஸ்டு (நகராமல், திரும்பாமல் இறுக்கியது), மேலே லோடு மட்டும்தான் கொடுத்தேன். இப்போது மேல்முனை பக்கவாட்டில் நகராமல் தடுத்தேன். 723 வருகிறது!! இது என்ன புதுசாக?

பனித்துளி
கீழே ஃபிக்ஸ்டு, மேலே பின்டு (பக்கவாட்டில் நகராது, ஆனால் திரும்பும்) என்றால் எஃபெக்டிவ் லெங்த் 0.7 மடங்கு, அதனால் ஏறக்குறைய இரட்டிப்பு. கைக்கணக்கில் இரண்டு முனையும் பின்டு என்று எடுத்திருக்கிறீர்கள். ஆனால் 723-ஐ நம்பிவிடாதீர்கள். பரப்பு 1900 ச.மி.மீ., ஈல்டு (ஸ்டீல் நிரந்தரமாக நெளியத் தொடங்கும் ஸ்ட்ரெஸ்) 250 மெகாபாஸ்கல் என்றால் 475-லேயே ஸ்டீல் ஈல்டு ஆகிவிடும். எலாஸ்டிக் பக்லிங் ஆய்வுக்கு ஈல்டு என்று ஒன்று இருப்பதே தெரியாது.

ஐசெக்ஷன்_அன்பன்
அப்படியானால் 353 சரிதானே? ஸ்ட்ரெஸ் 186தான். ஸ்லெண்டர்னெஸ் (தூணின் ஒல்லித்தன விகிதம்) 103, ஈல்டு 250-க்கு எல்லை 89. அதைத் தாண்டிவிட்டதால் ஆய்லர் தாராளமாகப் பொருந்தும்.

பழுத்த_பொறியாளர்
காகிதத்தில் பொருந்தும். நிஜக் குழாயில் பிறவி வளைவும் உள்தங்கிய ஸ்ட்ரெஸும் இருக்கும். அதற்காகத்தான் டிசைன் விதிநூல்களில் தனி பக்லிங் வளைகோடு வைத்திருக்கிறார்கள்.

ஐசெக்ஷன்_அன்பன்
கேட்டது சாஃப்ட்வேர் வித்தியாசத்தை. டிசைன் லோடை யார் கேட்டது?

பழுத்த_பொறியாளர்
கேட்கத் தெரியாததால்தான் சொல்கிறேன்.

வளையாத_தூண்
கீழேயும் பின்டு ஆக்கினேன், 353 வந்துவிட்டது. நன்றி! அப்புறம் ஒன்று: உண்மையான லோடு 50தான், மேலே பக்கத்தில் வெல்டு பண்ணிய பிராக்கெட்டில் உட்காருகிறது. தூணின் நடுவிலிருந்து 100 மி.மீ. தள்ளி. பரவாயில்லைதானே?

பனித்துளி
இதை முதலிலேயே சொல்லக்கூடாதா! நேர் அமுக்கம் வெறும் 26 மெகாபாஸ்கல். பிராக்கெட் தரும் 5 கிலோநியூட்டன்-மீட்டர் மோமென்டால் (தூணை வளைக்கும் திருப்பத்தால்) வளைவு ஸ்ட்ரெஸ் மட்டும் 87. மொத்தம் 113, தூண் வளைந்த பிறகு கூடுவது தனி. உங்கள் தூணுக்கு முதலில் பார்க்க வேண்டியது வளைவுதான். நிஜத்தில் கீழே எத்தனை போல்ட், பேஸ் பிளேட் (தூணின் அடித்தகடு) என்ன கனம்? மேலே உண்மையிலேயே எதோடாவது கட்டியிருக்கிறதா?

ஐசெக்ஷன்_அன்பன்
வளைவு என்றால் ஐ செக்ஷன்தான்.

பழுத்த_பொறியாளர்
மறுபடியுமா?

பனித்துளி
@வளையாத_தூண் பேஸ் பிளேட்?