தொப்பூர் இறக்கத்தில் ஆடிய கேரவன்: முன்பாரம் பற்றி உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கொண்டலாம்பட்டி பட்டறை:

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற கேரவன் இப்போது நம் பக்கமும் அங்கங்கே கண்ணில் படுகிறது. பெங்களூரிலிருந்து ஏற்காட்டுக்குக் கிளம்பிய ஒரு குடும்பம் அப்படித்தான் எங்கள் பட்டறைக்கு வந்தது. வந்தவருக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஒரு லாரி அவரைத் தாண்டிப் போயிருக்கிறது. அந்தக் காற்றில் கேரவனின் பின்பக்கம் கொஞ்சம் ஒதுங்கி, திரும்பி வந்து, மறுபக்கம் இன்னும் அதிகமாக ஒதுங்கியிருக்கிறது. அடுத்தடுத்த ஆட்டத்தில் காரையே பிடித்து ஆட்ட ஆரம்பித்துவிட்டது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகுதான் மெல்ல நின்றதாம்.

“கொக்கி லூசா இருக்குதுங்க, டைட் பண்ணிக் குடுங்க” என்றார். கொக்கியில் ஒரு குறையும் இல்லை. “பின்னாடி என்னங்க ஏத்தியிருக்கீங்க?” என்று கேட்டு, கதவைத் திறந்து பார்த்தேன். பின்கட்டிலுக்கு அடியில் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, பக்கத்தில் நிறை சிலிண்டர், அதற்கும் பின்னால் கிருஷ்ணகிரியில் வாங்கிய மாம்பழக் கூடை. கனமான சாமான் எல்லாம் அச்சுக்குப் பின்னால்.

கேரவனைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, காரிலிருந்து கழற்றினோம். வீட்டில் உடம்பு எடை பார்க்கிற மெஷினைக் கீழே வைத்து, அதன் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கொக்கித் தலையைக் கட்டை மேல் இறக்கினோம். காரில் மாட்டும்போது கொக்கி என்ன உயரத்தில் நிற்குமோ அதே உயரத்துக்குக் கட்டை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு தப்பாக வரும். மெஷின் காட்டியது 22 கிலோ. கொக்கி மேல் அழுத்துகிற இந்த எடையைத்தான் முன்பாரம் என்கிறோம். எடைமேடையில் கேரவனின் மொத்த எடை 1,200 கிலோ. கேரவன் அதிகம் ஓடுகிற பிரிட்டனில் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும் என்பார்கள். அப்படிப் பார்த்தால் இவருக்கு 60 முதல் 84 வரை வேண்டும். அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் வரை வைக்கிறார்கள், அங்கே வண்டியும் கொக்கியும் அதற்குத் தகுந்தாற்போல் இருக்கும்.

அப்புறம் நடந்ததெல்லாம் வெறும் நகர்த்தல்தான். அந்த கேரவனில் அச்சிலிருந்து கொக்கி 3 மீட்டர். அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் இருந்த சிலிண்டர் நிறையாக 30 கிலோ வரும். அதை அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் கொண்டுவந்து, நிமிர்த்தி, பெல்ட் போட்டுக் கட்டினோம். 20 கிலோ கூடியது. தண்ணீர் கேன்களை நேர் அச்சுக்கு மேலே தரையில் வைத்ததில் 24. மாம்பழக் கூடையைக் காரின் பின்சீட்டுக் கால்மாட்டுக்கு மாற்றியதில் 10. மறுபடி எடை போட்டபோது 76. அவர் காரின் கொக்கி தாங்கும் வரம்பு 85, அதற்குள் அடங்கிவிட்டது. புதிதாக ஒரு போல்ட்டுகூடப் போடவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லணும். வால் கனமாக இருக்கிறதே என்று, அதைச் சமாளிக்க மூக்கில் ஒரு மூட்டையை ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மெஷினில் எண் சரியாகத்தான் வரும். ஆனால் இரண்டு முனையிலும் கனம் இருக்கிற வண்டி ஒருமுறை ஆட ஆரம்பித்தால் லேசில் நிற்காது. கனம் நடுவில், தாழ்வாக, அச்சை ஒட்டி இருக்க வேண்டும். போர்வை, துணிமணி, பிளாஸ்டிக் நாற்காலி மாதிரி லேசானவை முனைகளுக்குப் போகட்டும்.

ஏற்காடு அடிவாரம்:

அண்ணா சொன்னதற்கு நேர் எதிரான ஒன்றை நான் பார்த்தேன். மே மாதக் கோடை விழாவுக்கு மேலே கடை போட, டிபன் டிரெய்லரை ஜீப்பில் மாட்டி ஒருவர் கிளம்பினார். கிரைண்டர், தோசைக்கல், அரிசி மூட்டை எல்லாம் டிரெய்லரின் முன்மூலையில். ஜீப்பின் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் மரக்கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் நேராகவே வழுக்கிப் போகிறது என்றார். 20 வளைவு இருக்கிற பாதையில் இது விளையாட்டில்லை.

கொக்கியில் விழும் பாரம் பின்அச்சோடு நிற்பதில்லை, முன்அச்சையும் தூக்கும். பின்அச்சிலிருந்து கொக்கி 1 மீட்டர், இரண்டு அச்சுக்கும் நடுவே இரண்டரை மீட்டர் என்றால், 100 கிலோ முன்பாரத்துக்குப் பின்அச்சில் 140 கிலோ ஏறும், முன்அச்சில் 40 கிலோ குறையும். கிரைண்டரை அச்சுக்கு மேல் நகர்த்தி, தண்ணீர் டிரம்மைக் காலி செய்துவிட்டு, மேலே போய் நிரப்பிக்கொள்ளச் சொன்னோம். பாதி நிறைந்த டிரம் மலையில் ரொம்ப ஆபத்து. ஏற்றத்தில் தண்ணீர் பின்னால் ஓடும், இறக்கத்தில் பிரேக் போட்டால் முன்னால் ஓடும். காலியாக வையுங்கள், இல்லையென்றால் முழுசாக நிரப்பி அச்சுக்கு மேல் வையுங்கள்.

ஓமலூர் கிழங்கு வண்டி:

எங்கள் அப்பா மாட்டுவண்டியில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றி சேகோ ஆலைக்குப் போனவர். பாரம் ஏற்றி முடித்ததும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். பின்பாரமானால் நுகம் மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் அதிகமானால் கழுத்து புண்ணாகும். அளவாக அழுத்தும் வரை மூட்டையை முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டே இருப்பார், ஆலையில் எத்தனை வண்டி காத்திருந்தாலும் சரி. உங்கள் மெஷினும் அதே வேலையைத்தான் செய்கிறது.

அம்மாபேட்டை:

அண்ணா, எல்லாம் சரியாக ஏற்றியும் ஆட ஆரம்பித்தால் என்ன செய்வது? வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று ஒரு டிரைவர் சொல்கிறார்.

கொண்டலாம்பட்டி பட்டறை:

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள் தம்பி. வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடும். ஆக்ஸிலேட்டரை விடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆட்டத்துக்கு ஆட்டம் எதிராகத் திருப்ப வேண்டாம், பிரேக்கைச் சடாரென்று மிதிக்க வேண்டாம். இறக்கத்தில் இதெல்லாம் கஷ்டம், அதனால் தொப்பூர் மாதிரி இடத்தில் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து மெதுவாக இறங்குங்கள். அடங்கியதும் ஓரமாக நிறுத்தி, டயரில் காற்று சரியாக இருக்கிறதா, உள்ளே சாமான் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். மாட்டிய பிறகு கேரவன் தரைக்கு மட்டமாக, அல்லது மூக்கு ஒரு துளி தாழ்வாக நிற்கணும். மூக்கு தூக்கி நின்றால் அன்றைக்குக் கிளம்ப வேண்டாம்.

அம்மாபேட்டை:

சரிண்ணா. வீட்டில் இருப்பது 120 கிலோ வரை காட்டும் மெஷின், போதுமா?

கொண்டலாம்பட்டி பட்டறை:

சின்னக் கேரவனுக்குப் போதும். கொக்கியை இறக்கும்போது மெதுவாக இறக்குங்கள், கண்ணாடி மெஷினாக இருந்தால் மேலே ஒரு பலகை போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரும் சிலிண்டரும் ஏற்றிய பிறகு எடை போடுங்கள், முன்னால் இல்லை.