டிஸ்க் விலகலுக்குப் பின் ஆம்புலன்ஸ் பணி: திரும்புவதா, விலகுவதா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஆம்புலன்ஸில் அவசர மருத்துவ உதவியாளராகப் பணிபுரிகிறேன். பி.எஸ்சி. விலங்கியல் முடித்த கையோடு இந்த வேலைக்கு வந்தவள். வேறு எந்த வேலையும் பார்த்ததில்லை. சில வாரங்களுக்கு முன்பு, லிஃப்ட் இல்லாத ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடியிலிருந்து நெஞ்சுவலி வந்த ஒருவரை ஸ்ட்ரெச்சரில் இறக்கிக்கொண்டிருந்தோம். அவருடைய எடை 100 கிலோவுக்குக் குறையாது. படிக்கட்டுத் திருப்பத்தில், கீழ்ப்பக்கம் பிடித்திருந்த பைலட் அண்ணனுக்கு (வண்டி ஓட்டுநரை அப்படித்தான் சொல்வோம்) கால் வழுக்கியது. தலைப்பக்கம் பிடித்திருந்த நான், நோயாளி சரிந்துவிடக் கூடாதே என்று இடுப்பு திரும்பிய நிலையிலேயே மொத்த எடையையும் இழுத்துப் பிடித்தேன். இடுப்பில் சுளீரென்று ஒரு வலி வெட்டியது. ஆனாலும் இ.சி.ஜி. எடுத்து, அவரை மருத்துவமனையில் ஒப்படைக்கும் வரை நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு நாட்களில் வலி இடது காலுக்கு இறங்கிவிட்டது. முதுகெலும்பின் அடிப்பகுதியில் எல்5, எஸ்1 எலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கி, காலுக்குச் செல்லும் எஸ்1 நரம்பை அழுத்துவதாக எம்.ஆர்.ஐ. அறிக்கை சொல்கிறது. பாதத்தின் சுண்டுவிரல் பக்கம் மரத்துக் கிடக்கிறது. இடது காலின் நுனியில் ஊன்றி எழும்ப முடிவதில்லை. ஒரு மருத்துவர் அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொல்கிறார். இன்னொருவர் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். அலுவலகத்திலோ, எந்தக் கட்டுப்பாடும் குறிப்பிடாத உடற்தகுதிச் சான்றிதழோடு வந்தால் மட்டுமே வண்டியில் ஏற்ற முடியும் என்கிறார்கள்.

“பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை” என்று முன்பே கேட்ட உறவினர்கள், இப்போது ஆறுதல் சொல்லும் பாவனையில் அதையே மறுபடியும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். தெருவில் சைரன் கேட்டால் வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று மனம் தானாகவே கணக்குப் போடுகிறது. அடுத்த நொடி யார் மீது என்றே தெரியாத ஆத்திரம் வருகிறது. இந்த நிலையைக் கடந்து பணிக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்களா? திரும்பாதவர்கள் என்ன செய்கிறார்கள்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

மலைக்கோட்டை இயன்முறை எழுதியது:

சகோதரி, நான் இயன்முறை மருத்துவன். இதே பிரச்சினையோடு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடிய ஒன்றைத்தான் முதலில் சொல்கிறேன், ஆனால் நோயாளியாக இருக்கும்போது நமக்குத் தெரிந்ததையே நாம் மறந்துவிடுவதுண்டு. சிறுநீர் கழிக்கச் சிரமம், மலம் கட்டுப்படாமை, தொடைகளின் உட்பகுதியும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போதல், இரண்டு கால்களிலும் பலவீனம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், இரண்டு மருத்துவர்களும் முரண்படுவதாக நான் நினைக்கவில்லை. நெதர்லாந்தில் 283 நோயாளிகளிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வொன்று, சீக்கிரமே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களையும் மருந்து, பயிற்சி என்று பொறுத்திருந்தவர்களையும் ஒப்பிட்டது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கால்வலி விரைவாக அடங்கியது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள். பொறுத்திருந்தவர்களில் 39 சதவீதத்தினருக்கு அந்த ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தசை கடுமையாகப் பலமிழந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதால், நுனிக்காலில் எழும்ப முடியாத உங்களுக்கு அதை அப்படியே பொருத்திவிடவும் முடியாது. பலவீனம் கூடுகிறதா, குறைகிறதா, அதே நிலையில் நிற்கிறதா என்பதை வாரந்தோறும் அளந்து எழுதி வையுங்கள். பலவீனம் கூடினால் முடிவை அதுவே சொல்லிவிடும்.

வேலையைப் பற்றிய முடிவை இப்போது எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. நரம்பு எரிந்துகொண்டிருக்கும்போது எதைப் பார்த்தாலும் எல்லாம் முடிந்துவிட்டதைப் போலத்தான் தெரியும்.

நொய்யல் முன்னாள் எழுதியது:

நானும் ஆம்புலன்ஸில் இருந்தவன்தான், அம்மா. எனக்கும் அதே எல்5-எஸ்1, அதே இடது கால். அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது, கால்வலி போய்விட்டது. ஆனாலும் நான் வண்டிக்குத் திரும்பவில்லை. மேலே எழுதியவர் பொறுத்திருக்கச் சொல்கிறார், அது சரியே. ஆனால் “பொறுத்திருந்து பிறகு திரும்புவோம்” என்ற ஒரே எண்ணத்தில் இருந்துவிடாதீர்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். ஒரு பணியாளர் கையால் தூக்கும் நோயாளி எடை 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது பணிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வகுத்த அளவு. அதுவும் நோயாளி ஒத்துழைத்து, தூக்குபவர் இடுப்பைத் திருப்பாமல் நிற்கும்போதுதான். 100 கிலோ நோயாளியை இரண்டு பேர் மாடிப்படியில் இறக்கும் நம் வேலையில் அந்த அளவுக்கு என்ன மதிப்பு இருக்கிறது? அறுவை சிகிச்சைக்குப் பிறகு அதே ஜவ்வு மறுபடியும் பிதுங்குவது 100 பேரில் 5 முதல் 15 பேருக்கு நடக்கிறது என்று எனக்கு அறுவை செய்தவர் சொன்னார். எல்லா மனிதர்களுக்குமான கணக்கு அது. நம் படிக்கட்டுகளில் ஏறி இறங்குபவர்களுக்கு மட்டும் கணக்கெடுத்தால் என்னவாகும் என்பதை நான் ஊகிக்கவே விரும்பவில்லை.

இப்போது நான் கல்லூரிகளிலும் தொழிற்சாலைகளிலும் முதலுதவி கற்றுக்கொடுக்கிறேன். மார்பழுத்தத்தை நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, 5 செ.மீ. ஆழத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று எந்தப் புத்தகமும் சொல்லிவிடும். ஆனால் விலா எலும்பு முறியும் சத்தம் கேட்டதும் மாணவன் கையை எடுத்துவிடுவான், எடுக்கக் கூடாது என்பதை அந்தச் சத்தத்தைக் கேட்டவன்தான் அவன் நம்பும்படி சொல்ல முடியும். வருமானம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஜூன், ஜூலையில் நன்றாக இருக்கும், தேர்வுக் காலத்தில் படுத்துவிடும். அழைப்புகளை ஏற்று வண்டி அனுப்பும் கட்டுப்பாட்டு அறை வேலையும் இருக்கிறது. சென்னையில் 108-க்கான அறையில், அழைப்பவரின் குரலை வைத்தே நிலைமையை ஊகித்து, வண்டி போய்ச் சேரும் வரை என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறார்கள். களத்தில் இருந்தவருக்கு அந்தக் காது ஏற்கெனவே பழகியிருக்கும். ஆனால் அங்கும் 8 மணி நேரம், 12 மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும் என்பதையும், டிஸ்குக்கு உட்காருவதும் ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

படிவம் பன்னீர் எழுதியது:

உடலைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. காகிதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தொழிலாளர் காப்பீட்டு விவகாரங்களில் பல ஆண்டுகளாக இருப்பவன் நான். இந்த இழையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: நடந்தது பணியிட விபத்தாகப் பதிவாகியிருக்கிறதா, அல்லது வெறும் மருத்துவ விடுப்பாகப் போய்க்கொண்டிருக்கிறதா?

உங்கள் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்குமானால், இந்த வித்தியாசம் பெரிது. சாதாரண நோய் என்றால் சம்பளத்தில் 70 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு 91 நாட்கள் வரையில்தான் கிடைக்கும். பணியில் ஏற்பட்ட காயம் என்றால் 90 சதவீதம், தற்காலிக இயலாமை நீடிக்கும் வரை கிடைக்கும். இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதற்குக் கிடையாது. காயம் நிரந்தரக் குறைபாடாக நின்றுவிட்டால், மருத்துவக் குழு மதிப்பிடும் சதவீதத்துக்கேற்ப மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, முதலாளி தரப்பு அனுப்ப வேண்டிய விபத்து அறிக்கை.

டிஸ்க் விஷயத்தில் வழக்கமாக வரும் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் எங்காவது “தேய்மானம்” என்ற ஒரு சொல் இருந்துவிட்டால், இது வயதினால் வந்தது, விபத்தினால் வந்ததல்ல என்று எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். அதனால் அன்றைய அழைப்பின் எண், நோயாளியின் பராமரிப்புப் பதிவேடு, மருத்துவமனையில் ஒப்படைத்த நேரம், கூட இருந்த பைலட்டின் கையெழுத்திட்ட வாக்குமூலம், முதன்முதலில் சென்ற மருத்துவரிடம் “ஸ்ட்ரெச்சர் தூக்கும்போது” என்று நீங்கள் சொன்னதைக் காட்டும் புறநோயாளிச் சீட்டு ஆகியவற்றை இப்போதே திரட்டுங்கள். நாளாக நாளாகக் கூட இருந்தவர் மாற்றலாகிப் போய்விடுவார், பதிவேடும் கிடைக்காது. அலுவலகம் அறிக்கை அனுப்பத் தயங்கினால் நீங்களே எழுத்துமூலம் தகவல் கொடுத்து, பெற்றதற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள், நகலை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலும் கொடுங்கள். இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே இருப்பவர் என்றால் பணியாளர் இழப்பீடு கோரும் வழி தனியாக இருக்கிறது; அதற்கு மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுக வேண்டும்.

ராஜினாமாக் கடிதத்தில் மட்டும் இப்போது கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தப் பிரிவு அரசு நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தும். ஒப்பந்த முறையில் நடக்கும் தனியார் அமைப்பிடம் அதைக் காட்டி அதிகம் சாதிக்க முடியாது.

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பன்னீர் ஐயா கேட்ட கேள்விக்குப் பதில், மருத்துவ விடுப்பாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது, இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறது. பைலட் அண்ணனிடம் பேசினேன், நடந்ததை எழுதித் தருவதாக அவரே சொன்னார். அன்று கால் வழுக்கியது தன்னால்தான் என்று அவரும் தூங்காமல் இருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நொய்யல் ஐயா எழுதியது மனதுக்குக் கசப்பாக இருந்தாலும் தேவையாக இருந்தது. ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: “தகுதி” என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? வலி இல்லை என்றால் போதுமா?

இரவுப் பணி மருத்துவர் எழுதியது:

அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். நொய்யல் அவர்களின் முடிவை மதிக்கிறேன், ஆனால் அதைப் பொதுவிதியாக ஏற்க என்னால் முடியவில்லை. டிஸ்க் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வண்டிக்குத் திரும்பி, ஆண்டுக்கணக்கில் நன்றாக வேலை செய்கிறவர்கள் எங்களிடம் நோயாளிகளைக் கொண்டுவந்து ஒப்படைக்கிறார்கள். அவர்களிடம் நான் கவனித்த ஒரு மாற்றம், உதவி கேட்க அவர்கள் கூச்சப்படுவதில்லை. பாதுகாவலரையும் உறவினர்களையும் அழைத்து நான்கு பேராகத்தான் தூக்குகிறார்கள், நோயாளி உட்காரக் கூடாத நிலையில் இல்லாவிட்டால் சாதாரண நாற்காலியில் உட்காரவைத்து இறக்குகிறார்கள். வண்டியில் படிக்கட்டு நாற்காலி (மாடிப்படியில் நோயாளியை இறக்குவதற்கென்றே உள்ள நாற்காலி) கிடையாது என்பது நிர்வாகத்தின் குறை, அதற்கு உங்கள் முதுகெலும்பு பொறுப்பேற்கக் கூடாது.

படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. விலங்கியல் பட்டமும் நிறுவனம் கொடுத்த பயிற்சியும் வண்டிக்குள் செல்லுபடியாகின்றன. வெளியே மருத்துவமனைகளில் அதை ஏற்றுக்கொள்ளத் தயங்குகிறார்கள். துணைநிலை மருத்துவப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் வந்தபின், பதிவுக்கு உரிய கல்வித் தகுதி என்பது மேலும் முக்கியமாகிறது. எனவே தூக்கும் வேலைக்குத் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும், மருத்துவமனை நிர்வாகம், பொதுச் சுகாதாரம் போன்ற, எந்தப் பட்டதாரியும் சேரக்கூடிய முதுநிலைப் படிப்புகளை இந்த ஓய்வுக் காலத்தில் விசாரித்து வைப்பது நல்லது. அரசு மருத்துவமனைகளின் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கும் முறை வந்த பிறகு, அந்தப் பிரிவுகளை ஒருங்கிணைக்கக் களம் தெரிந்தவர்களின் தேவை கூடியிருக்கிறது.

நீங்களும் தூங்கவில்லை, உங்கள் பைலட்டும் தூங்கவில்லை. இரண்டு பேருமே 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, அழைத்துப் பேசலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். மற்றவர்களுக்கு நாம் தயங்காமல் கொடுக்கும் ஆலோசனைதான் இது.

மலைக்கோட்டை இயன்முறை எழுதியது:

தகுதி பற்றிய கேள்விக்கு: வலி இல்லை என்பது மட்டும் போதாது. இடது நுனிக்காலில் மட்டும் நின்று, வலது காலுக்கு இணையாகத் தொடர்ந்து இருபது, இருபத்தைந்து முறை எழும்ப முடிகிறதா என்று பார்ப்போம். அதன் பிறகு உங்கள் வேலையையே பயிற்சியாக்க வேண்டும்: மணல் மூட்டை ஏற்றிய ஸ்ட்ரெச்சரைத் தரையிலிருந்து தூக்குவது, மாடிப்படித் திருப்பத்தில் இடுப்பைச் சுழற்றாமல் பாதத்தை மாற்றி வைத்துத் திரும்புவது, முழங்காலிட்டு இரண்டு நிமிடம் மார்பழுத்தம் கொடுத்துவிட்டு உடனே எழுந்து எடையைத் தூக்குவது. சிறிய எடையில் தொடங்கி, மறுநாள் காலையில் கால் வலி திரும்பவில்லை என்றால் மட்டுமே அடுத்த எடைக்குப் போவோம். இதைச் சில வாரங்கள் தாக்குப்பிடித்தவருக்குத்தான் நான் வண்டியில் ஏறலாம் என்று எழுதிக் கொடுப்பேன். அலுவலகம் “கட்டுப்பாடு இல்லாத” சான்றிதழைத்தான் கேட்கிறது என்றால், முதல் சில மாதங்களுக்குப் பெரிய எடைகளுக்கு மூன்றாவது ஆள் வேண்டும் என்பதை உங்கள் மருத்துவரிடம் பரிந்துரையாக எழுதி வாங்கி, பன்னீர் அவர்கள் சொன்னபடி ஒப்புகையோடு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.